அஞ்சு நாள் சாமான்

பக்கத்து வீட்டு அக்காவின் பிரிட்ஜை யாராவது திறந்து பார்த்தால், இந்த அம்மாவுக்குச் சம்பளம் போட்டு எத்தனை மாதமாயிற்றோ என்று பாவப்படுவார்கள். உள்ளே ஒரு தண்ணீர்ப் போத்தல், கொஞ்சம் தயிர், மூலையில் வாடிப்போன பச்சை மிளகாய். அவ்வளவுதான். சுவருக்கு இந்தப் பக்கம் நான். ஈப்போவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். உறைந்த கோழி, உறைந்த மீன், உறைந்த பரோட்டா என்று எடுத்து வைப்பதே என் பிழைப்பு. வீட்டிலும் பிரிட்ஜ் போதாமல் தனியாக ஒரு ஃபிரீசர் வாங்கிப் போட்டிருந்தேன். அதில் எந்தத் தீபாவளிக்கு வாங்கிய ஆட்டுக்கறி எங்கே கிடக்கிறது என்று எனக்கும் தெரியாது, என் மனைவிக்கும் தெரியாது. அதே ஊரின் சிலிபின் வட்டாரத்தில் ஒரே வரிசை வீடுகளில் இந்த இரண்டு கட்சியும் அடுத்தடுத்துக் குடியிருந்தன.

அக்காவுக்கு எதையும் எடுத்து வைக்கத் தெரியாது. மீன் குழம்பு வைத்தால் அன்றைக்கே நாலு வீட்டுக்குப் போய்விடும். தீபாவளிக்குச் சுடும் முறுக்கு தீபாவளிக்கு முன்பே தீர்ந்துபோய், பண்டிகையன்று வரும் விருந்தாளிகளுக்கு எங்கள் வீட்டிலிருந்து தட்டு போகும். புதுச் சேலை வாங்கினால் கல்யாணம் வரட்டும் என்று காத்திருக்க மாட்டார். மறுநாள் காலை அதைக் கட்டிக்கொண்டு பாசாருக்குப் போய்க் கோழி வாங்குவார். கோழிக்காரன் மிரண்டு போவான்.

"அக்கா, பட்டுச் சேலை லா இது. எடுத்து வைங்க" என்று என் மனைவி சொன்னால், "வெச்சா போச்சு லா" என்பார். அந்த மூன்று சொல்லை அவர் வாயிலிருந்து கேட்காத நாள் கிடையாது.

கோபமும் அப்படித்தான். என் பையன் ஒருமுறை பந்தடித்து அவர் ஜன்னல் கண்ணாடியை உடைத்தான். வேலை முடிந்து வந்து வாசல்கூடத் தாண்டவில்லை, காலணியோடு நின்றே அவனைத் திட்டித் தீர்த்தார். திட்டி முடித்த கையோடு கையிலிருந்த தேங்காய் பன்னை அவனுக்குக் கொடுத்தார். மறுநாள் கண்ணாடி பற்றிப் பேச நான் போனபோது, எந்தக் கண்ணாடி என்று கேட்டார். நடிப்பென்று நினைத்தேன். நிஜமாகவே மறந்திருந்தார்.

இந்தக் குணம் பிறவியிலேயே வந்ததா, வேலையில் ஒட்டிக்கொண்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்த வங்கியில் அவருக்கு வேலை. ரத்தம் என்றதும் நமக்குச் சிவப்புத்தான் ஞாபகம் வரும். அவருக்கு மஞ்சள். ரத்தம் உறைவதற்கு வேண்டிய தட்டணுக்கள், ஆஸ்பத்திரியில் எல்லாரும் பிளேட்லெட் என்று சொல்வது, அதுதான் அவருடைய செல்லப்பிள்ளை. ஒரு சாயங்காலம் கடையில் பொட்டலம் கட்டி வாங்கி வந்த தேத்தண்ணிப் பையை எங்கள் கேட்டருகே தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தார். நான் கேட்கவே இல்லை. ஆனாலும் எடுத்தார்.

"செவப்பு ரத்தம் பிரிட்ஜ்ல நிக்கும் தம்பி. பிளாஸ்மா ஃபிரீசர்ல வருசக்கணக்கா நிக்கும், உங்க ஆட்டுக்கறி மாதிரி. பிளேட்லெட் ரெண்டுக்கும் ஒத்துவராது. ரூம் குளுமையில வெச்சு, மெஷின்ல போட்டு ஆட்டிக்கிட்டே இருக்கணும். ஆட்டாம விட்டா மாவு மாதிரி புளிச்சிரும். பிரிட்ஜ்ல வெச்சா சுருண்டு முள்ளு முள்ளா ஆயிரும். அதக் கொண்டுபோய் ஏத்தினா ஒடம்பு இது எனக்கு வேணாம்னு புடிச்சு முழுங்கிரும்."

"அப்ப வெளியிலேயே வெச்சுக்க வேண்டியதுதானே?"

"கிருமி வளரும் லா. அதனாலதான் அஞ்சு நாள். அஞ்சு நாள் சாமான் இது. அதுக்கு மேல குப்பைக்கு."

நல்ல பிளேட்லெட் பையை வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சாய்த்தால், உள்ளே பட்டுத்துணி திரும்புவதுபோல ஒரு மினுமினுப்பு சுழலும். கெட்டதில் அது இருக்காது, சும்மா கலங்கல் தண்ணீராகக் கிடக்கும். இதைச் சொல்லிக்கொண்டே தேத்தண்ணிப் பையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். எந்தப் பை கையில் வந்தாலும் இப்படிச் சாய்த்துப் பார்ப்பது அவருக்குப் பழகிவிட்டது. ரோட்டோர ஒட்டுக்கடையில் அவர் அப்படிச் செய்வதைப் பார்த்து, தேத்தண்ணியில் ஈ விழுந்துவிட்டதோ என்று கடைக்கார பாய் பதறி ஓடி வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை வெளியூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய பைகளை வேனில் ஏற்றிவிட்டார்கள். ஓட்டுநர் புதுசு, நல்ல மனசுக்காரர். வெயில் கொளுத்துகிறதே என்று வழியில் பெட்ரோல் போடும் எண்ணெய்க் கடையில் நிறுத்தி, தன் கைக்காசில் ஐஸ் கட்டி வாங்கிப் பெட்டிக்குள் கொட்டிவிட்டார். போய்ச் சேர்ந்தபோது பைகள் ஜில்லென்று இருந்தன. அத்தனையும் வீண். அன்று அக்கா வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அந்த ஓட்டுநரைக் காய்ச்சி எடுத்திருப்பார் என்று நினைத்து விசாரித்தேன்.

"அவர திட்டி என்னா ஆவப் போவுது? மீன் விக்கிற வீட்டுல பொறந்தவரு. கெடாம இருக்கணும்னா ஐஸ் போடணும்னுதான் தெரியும்" என்றார். அடுத்த முறை பைகள் போனபோது, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இவரும் அதே வேனில் போனார். வழி முழுக்க அந்த ஓட்டுநருக்குப் பாடம். மனுஷன் இன்றைக்கும் எங்கே பார்த்தாலும் கையெடுத்துக் கும்பிடுவார், பயமா மரியாதையா தெரியவில்லை.

என் மனைவிக்கு ரத்தப் புற்று என்று தெரிந்தபோது முதலில் சொன்னது அக்காவிடம்தான். மருந்து ஏற ஏற, அவள் உடம்பில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போயிற்று. பல் துலக்கினால் ரத்தம். கையை அழுத்திப் பிடித்தால் நீலமாகக் கன்றும். எல்லாவற்றையும்விட அந்த மூக்கு. ராத்திரி தூக்கத்தில் சத்தமே இல்லாமல் ரத்தம் வழிந்து தலையணை நனைந்துவிடும். தலைக்குள் எங்காவது இப்படிக் கசிந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதற்குப் பிறகு நான் தூங்கினேன் என்று சொல்ல முடியாது.

அந்த நாட்களில் அக்காவோடு எனக்கு ஒரு சண்டை நடந்தது. என் மனைவிக்கென்று ஒரு பை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அன்று அவளுக்குக் கடுமையான காய்ச்சல், நாளைக்கு ஏற்றலாம் என்று டாக்டர் தள்ளிப்போட்டார். பைக்கோ அன்றுதான் கடைசி நாள். அக்கா டாக்டரிடம் கேட்டு, அதை டெங்கியில் கிடந்த யாரோ ஒரு பெண்ணுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். மறுநாள் எங்களுக்கு வேறு பை வரச் சாயங்காலமாயிற்று. நான் சுவருக்கு மேலாகவே கத்தினேன்.

"எங்க சாமான எடுத்து ஊரானுக்குக் குடுத்துட்டீங்களே அக்கா! பக்கத்து வீடுதானே நாங்க?"

"வெச்சிருந்தா உங்களுக்கும் இல்ல, அவளுக்கும் இல்ல தம்பி" என்றார். அழவுமில்லை, கோபிக்கவுமில்லை. கொஞ்ச நேரத்தில் ரசம் வந்தது. நான் தொடவில்லை. என் மாமியார் குடித்துவிட்டு, உப்பு சரியாக இருக்கிறது என்றார். அக்கா செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் அந்த ஒரு நாளை நினைத்தால் எனக்கு இன்னும் உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருக்கிறது.

பிறகு இன்னொரு தலைவலி வந்தது. பல பேருடைய பிளேட்லெட்டை ஏற்றி ஏற்றி, இனி யாருடையதையும் ஏற்கமாட்டேன் என்று அவள் உடம்பு அடம்பிடித்தது. ஏற்றிய ஒரு மணி நேரத்தில் கணக்குப் பார்த்தால், ஏற்றாததுபோலவே இருக்கும். பொருத்தம் பார்த்துப் பார்த்துக் கடைசியில் அவள் தம்பியுடையது மட்டும் நின்றது. என் மச்சான், சுங்கை சிப்புட்டில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவன். அவன் வந்து ஒரு பை கொடுத்தால் இவளுக்கு மூக்கில் ரத்தம் நின்று முகம் கொஞ்சம் தெளியும். பிறகு மறுபடி அவன் வர வேண்டும்.

அந்த நேரத்தில்தான் என் கிடங்கு மூளை வேலை செய்தது. அக்காவிடம் போய், மச்சானிடம் மொத்தமாக எடுத்துவிடுங்கள், எங்கள் ஸ்டோரில் இடம் இருக்கிறது, மைனஸ் பதினெட்டு டிகிரி, ஒரு மூலையைக் கழுவித் தருகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

"கோழிக்குப் பக்கத்துலயா?" என்று மட்டும் கேட்டார்.

தைப்பூசம் நெருங்கியது. மச்சான் மாலை போட்டு விரதம் இருப்பதாக என் மாமியார் பெருமையாகச் சொன்னார். தன் அக்கா, அதாவது என் மனைவி, குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, முதுகெல்லாம் அலகு குத்தி, கன்னத்தில் வேல் போட்டுக் காவடி எடுக்கப் போகிறான். எனக்கும் நெஞ்சு நிறைந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"நாளைக்கே சுங்கை சிப்புட் போவணும். காடிய எடுங்க" என்றார். ஏன் என்றதற்கு, "அலகு குத்தின ஆளுகிட்ட, கிருமி ஏதும் தொத்தியிருக்குமோன்னு, பல மாசத்துக்கு ரத்தம் எடுக்கக் கூடாது தம்பி. அதுக்குள்ள அவ என்னா செய்வா?" என்றார். நாளைக்கு என்று சொன்னாரே தவிர, அன்று மத்தியானமே என் காரில் கிளம்பிவிட்டோம்.

மச்சான் வீடு, பழைய ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் கட்டிய மலிவு வீடுகளில் ஒன்று. மஞ்சள் வேட்டியும் தாடியுமாக லோரி நிழலில் உட்கார்ந்திருந்தான். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, அவனுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, இந்த வருசம் அலகு வேணாம் லா."

மகனின் விரதத்துக்காக அங்கே போயிருந்த என் மாமியார் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார். "இதச் சொல்ல நீங்க யாரும்மா? ஆஸ்பத்திரில வேல பாத்தா சாமிக்கு மேலயா? வாய் விட்டு வேண்டியாச்சு. மாத்தினா எம்பொண்ணுக்கு ஏதாச்சும் ஆயிடாதா?"

மச்சானும் அதையேதான் நினைத்தான். அவன் கண்ணில் பயம் தெரிந்தது. "மாட்டேன்னு சொல்லிப்புட்டு, நாளைக்கு எங்கக்காவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எப்படி இருப்பேன்?" என்றான். பிறகு வழி கண்டுபிடித்தவன் போல நிமிர்ந்தான். "ஒண்ணு செய்ங்க. தைப்பூசத்துக்கு முன்னாடியே எத்தன பை வேணுமோ எடுத்துக்குங்க. எடுத்து பிரிட்ஜ்ல வைங்க. அப்புறம் நான் காவடி எடுக்குறேன். பொலே? முடியும்தானே?"

"உங்க மாமாவும் இதத்தான் கேட்டாரு. கோழியோட வெக்கலாம்னாரு" என்றார் அக்கா. நான் லோரி டயரைப் பார்த்துக்கொண்டேன். "அஞ்சு நாள்தான் நிக்கும் தம்பி. அதுக்கு மேல வெச்சா அது உசுரில்லாத தண்ணி. ஏத்தினாலும் ஒண்ணுதான், ஏத்தாட்டியும் ஒண்ணுதான். உங்கக்காவுக்கு நீ இன்னும் பல மாசம் வந்துக்கிட்டே இருக்கணும்."

மச்சானுக்கு நம்பிக்கை வரவில்லை. என் மாமியார்தான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "ஏன் நிக்காது? மங்குல விட்ட பாலு மாதிரியா?"

மங்கு என்பது ரப்பர் மரத்தில் பால் வடிய வைக்கும் கிண்ணம். என் மாமியார் பாதி ஆயுசை அந்த மங்குகளுக்கு நடுவில் கழித்தவர்.

"அதேதான்மா!" என்றார் அக்கா. "எங்கம்மாவும் பால்மரம் வெட்டினவங்கதான்."

"காலையில வெட்டின பாலு அன்னிக்கே தோட்டத்து ஸ்டோருக்குப் போயிரணும்" என்று மாமியார் மகனைப் பார்த்துச் சொன்னார். "காட்டுலயே விட்டா கட்டியாயிரும். கட்டிப்பாலத் திரும்பப் பாலாக்க முடியுமாடா?" பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "அது சரிம்மா. சாமிக்கு நான் என்னா பதில் சொல்றது?"

அக்கா கொஞ்சமும் தயங்கவில்லை. "சாமிக்கு அஞ்சு நாள் கெடு கெடயாதும்மா. அவரு காத்திருப்பாரு. உங்க பொண்ணால முடியாது."

வாழ்க்கையில் ஒரு முறுக்கைக்கூட மறுநாளைக்கு வைக்காத மனுஷி, ஒரு நேர்த்திக்கடனை எடுத்து வைக்கச் சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். மச்சான் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டான். "அன்னிக்கு ஊரே குத்திக்கிட்டுப் போவும். நான் ஒடம்புல ஒரு ஊசி படாம வீட்டுல சும்மா குந்தியிருக்கணுமா அக்கா?"

"யாரு சும்மா இருக்கச் சொன்னா? அன்னிக்கே வா. ஊசிதானே? நான் குத்துறேன்" என்றார்.

மச்சான் சிரித்துவிட்டான். மாமியார் சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே போய் எங்களுக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார்.

தைப்பூசம் விடுமுறை நாள். அக்கா டாக்டரிடம் அனுமதி வாங்கி, தானே வேலைக்கு வருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். மச்சான் தனியாக வருவான் என்றுதான் நாங்கள் நினைத்தோம். காலையில் ஆஸ்பத்திரி முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. மஞ்சள் வேட்டி, மஞ்சள் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, ஒருவர் காலிலும் செருப்பில்லை. சித்தப்பா, பெரியம்மா, அவர்கள் பிள்ளைகள் என்று மொத்தக் குடும்பமும் இறங்கியது. காவடி எடுப்பவனைத் தனியாக அனுப்புவார்களா என்ன? வாசலில் இருந்த மலாய்க்காரக் காவலர் என்னிடம் வந்து, கோயில் அந்தப் பக்கம் என்று மரியாதையாக வழி காட்டினார்.

வெறும் வயிற்றோடு வந்திருந்தவனைப் பார்த்து அக்கா தலையில் அடித்துக்கொண்டார். பாலும் வாழைப்பழமும் கொடுத்து, இது விரதத்துக்கு ஆகும் என்று சொல்லிச் சாப்பிட வைத்த பிறகுதான் நாற்காலியில் சாய்த்தார். ஊசியை எடுத்ததும், கதவருகே நின்ற என் மாமியார் கை கூப்பி, "வேல் வேல்!" என்றார். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் "வெற்றிவேல்!" என்றார்கள். தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. இவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். அக்கா ஊசியைக் கையில் பிடித்தபடி, அவர்கள் முடிக்கும்வரை நின்றார்.

"முடிச்சாச்சா? கைய ஆட்டாத தம்பி" என்று சொல்லிக் குத்தினார்.

மெஷின் ரத்தத்தை இழுத்து, வேண்டியதைப் பிரித்து எடுத்துக்கொண்டு, சிவப்பைத் திரும்ப அவன் உடம்புக்கே அனுப்பியது. பையில் மெல்ல மெல்ல மஞ்சள் நிறைந்தது. மாமியார் எட்டிப் பார்த்தார்.

"ரத்தமே இல்லியே! மஞ்சத்தண்ணி லா இருக்கு" என்றார் மெதுவாக. பக்தியோடு அலகு குத்தினால் ரத்தம் வராது என்பது அவர் சின்ன வயதிலிருந்து நம்பியது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டதைப் பார்த்து அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சொல்லாமல் விட்டுவிட்டார். அவர் ஒரு பாடத்தை நடத்தாமல் விட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

சோதனைகளெல்லாம் முடிய மத்தியானம் தாண்டியது. குடும்பம் மொத்தமும் கார் நிறுத்துமிடத்து மரத்தடியில் காத்திருந்தது. அக்கா மூடி போட்ட ஒரு பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வார்டுக்குப் போகத் தாழ்வாரத்தில் வந்தார். மாமியார் எழுந்து அவர் பின்னால் நடந்தார். மாமியாருக்குப் பின்னால் மச்சான், கையில் பஞ்சுக் கட்டோடு. அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. வெறுங்காலோடு, மஞ்சள் உடையில், ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குப் பின்னால் வரிசையாகப் போனோம். அக்காவுக்குக் கூச்சம் தாங்கவில்லை, எட்டி நடந்தார். நாங்களும் எட்டி நடந்தோம்.

வார்டில் எங்கள் மூன்று பேரை மட்டும் உள்ளே விட்டார்கள். என் மனைவி மூக்கில் பஞ்சோடு சாய்ந்து படுத்திருந்தாள். வேண்டுதல் மாறிய கதையை அவளிடம் நாங்கள் சொல்லியிருக்கவில்லை. தம்பி அலகு குத்திக்கொண்டு வெயிலில் நடக்கிறானே என்று காலையிலிருந்து தாதியரிடம் புலம்பிக்கொண்டிருந்தாளாம். அக்கா பையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே மினுமினுப்பு சுழன்றது. எனக்கே தெரிந்தது.

அவள் என்னைப் பார்த்து, தாயைப் பார்த்து, மஞ்சள் வேட்டியில் நின்ற தம்பியைப் பார்த்தாள். அவன் கன்னத்தில் காயமில்லாதது அவளுக்கு விளங்கவில்லை.

"காவடி எறக்கியாச்சா?" என்று கேட்டாள்.

அக்காதான் பையைத் தாதியிடம் கொடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"இன்னும் இல்ல லா" என்றார். "இப்பத்தான் எறக்குறோம்."

தாதி பெயரைச் சரிபார்த்துப் பையைக் கம்பியில் மாட்டினாள். மாமியார் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், மச்சானும் அழுதான். அன்றிரவு என் மனைவியின் தலையணை நனையவில்லை.